கோட்டையின் பலவீனமும் தேகத்தின் பலவீனமும்
நோயுற்றவர் ஆயுள் இன்ஷூரன்ஸ் பெறுவது பற்றிய ஓர் ஆராய்ச்சி

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், ஊர்மக்கள் பஞ்சபாண்டவர் மலை என்று வழங்கும் குன்றிலே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவராலயம், முகப்பில் மகர தோரணமும் இரு மருங்கிலும் துவாரபாலகரும் விளங்க, இன்றும் நிற்கிறது. அதே மன்னன், சமீபத்திலுள்ள மண்டகப்பட்டிலே, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றியே மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததை ஒரு பெருமிதமாகக் கருதிக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அவன் மலையிலே செய்து காட்டியதை வெறும் காகிதத்திலே செய்ய முயன்ற ஒரு நூதன ஏற்பாடுதான் ஆயுள் இன்ஷூரன்ஸ். அதற்குச் செங்கல்லும் இல்லை, சுண்ணமும் இல்லை. தன் தேகநிலையைப் பற்றி ஒருவன் சொல்லுகின்ற வார்த்தையும், அவன் காலத்துக்குப் பின் அவன் குடும்பத்துக்குப் பணம் தருவதாக மற்றொருவன் கொடுக்கின்ற வாக்குமே அதன் கட்டுமானம் முழுவதும். ஆகையால், அந்த வார்த்தையில் விழுகின்ற விரிசல், முட்டுக்கொடுக்க வேறொரு தூண் இன்றி, மண்டபம் முழுவதையும் சாய்த்துவிடக்கூடியதாக இருக்கிறது.

இதனைத் தெளிவாக அறிய, தளவானூரில் ஒரு குடும்பத்தை மனத்திலே கற்பித்துக்கொள்வோம். குடும்பத் தலைவருக்கு வயது நாற்பத்திரண்டு. கொஞ்சம் மணிலா, கொஞ்சம் நெல். அறுவடையானதும் மூட்டைகளைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிச் செல்பவர். அடுப்பங்கரை மாடத்தில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள்ளே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அட்டையும், பிரஷருக்கு அம்லோடிபைன் அட்டையும், பாதி தீர்ந்தவை சில, பிரிக்காதவை சில, கிடக்கின்றன. மகளின் படிப்பை எண்ணி அவர் ஒரு பாலிசி எடுக்க முற்படுகிறார். ஏஜெண்ட் வேறு யாரும் அல்லர்; மாமன் முறை. திண்ணையில் அமர்ந்து ப்ரபோசல் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்த மாமன், நோய்களைப் பற்றிய கேள்விகள் வந்ததும் பேனாவை நிறுத்துகிறார்: “மாப்ளே, சக்கரை இருக்குன்னு எழுதினா பாரம் டிவிஷன் ஆபீசுக்குப் போகும், மெடிக்கல் கேப்பான், எக்ஸ்ட்ரா போடுவான். ‘இல்லை’ன்னே போட்டுடலாம், ஒண்ணும் ஆவாது.” “நீங்க பாத்துச் செய்ங்க மாமா” என்று சொல்லிவிட்டு, அவர் கையெழுத்திடுகிறார். பொய் சொல்ல வேண்டும் என்ற நோக்கம் இருவரில் எவருக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒருவருக்கு அவசரம், மற்றவருக்கு மரியாதை. ஆயினும், வரிசையாக எழுதப்பட்ட அந்த ‘இல்லை’கள், அவர் மூன்றாண்டுகளுக்குள் இறந்துபோக நேருமானால், அவர் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்.

அந்த ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இத்தகைய வலிமை எங்கிருந்து வந்தது, அந்த வலிமைக்கு எல்லை ஏதேனும் உண்டா என்பதே நம் விசாரணை.

ஒரு கோட்டையின் வழக்கு

இதன் மூலத்தைத் தேடிச் செல்பவன், வியப்புக்குரிய விதமாக, ஒரு கோட்டை வாசலிலே போய் நிற்கிறான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கீழ்த்திசை முழுவதும் பொருதிய ஏழாண்டுப் போரிலே, 1761 ஏப்ரலில் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னர், 1760 ஏப்ரலில், சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த மார்ல்பரோ கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. அக்கோட்டையின் கவர்னராகிய கார்ட்டர் என்பவர், ஐரோப்பியப் பகைவர் எவரேனும் கோட்டையைப் பிடித்துக்கொண்டால் தமக்கு ஈடு கிடைக்கும்படி, லண்டனில் இன்ஷூரன்ஸ் செய்ய ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பத்திரம் 1760 மே மாதத்தில் முடிவானபோது, சேதி கப்பலேறி வந்து சேராமையால், கோட்டை ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது லண்டனில் எவருக்கும் தெரியாது. பிற்பாடு பணம் கேட்கப்பட்டபோது, பொறுப்பேற்ற போம் என்பவர், கோட்டை பலவீனமாயிருந்ததைக் கவர்னர் தம்மிடம் சொல்லாமல் மறைத்தார் என்று கூறி மறுத்தார்.

1766-இல் இவ்வழக்கில் தீர்ப்புரைத்த மான்ஸ்ஃபீல்டு பிரபு வகுத்த நியாயமே, இன்று உலகெங்கும் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் அஸ்திவாரமாக இருக்கும் உத்தம நல்லெண்ணம் என்னும் சித்தாந்தமாகும். ஆபத்தை நிர்ணயிப்பதற்குரிய விஷயங்கள் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கேட்பவனுக்கு மட்டுமே தெரிந்திருப்பதால், அவன் அவற்றை ஒளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அதன் முதற்பாதி. இந்த முதற்பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவோர் அநேகர். அவ்வழக்கில் வென்றவர் கவர்னர் கார்ட்டரே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அது வியாபாரத்துக்காக ஏற்பட்ட கோட்டை, பெரும் படையைத் தாங்கத்தக்கதன்று என்பதைப் பொறுப்பேற்றவர் தாமே அறிந்திருக்கலாம், அறியவும் கூடும். அப்படி அறியக்கூடியதைக் கேளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்த பின் ‘நீ சொல்லவில்லை’ என்று வாதாட அவருக்கு இடமில்லை என்பது அதன் பிற்பாதி. சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லும் கடமை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்கும் கடமை. இவ்விரண்டு கதவுகளும் சேர்ந்ததே அந்தக் கோட்டை வாசல்.

நோயை நிறுக்கும் தராசு

நோயாளி என்றாலே இன்ஷூரன்ஸ் கம்பெனி கதவைச் சாத்திவிடும் என்பது நம் மக்களிடையே வேரூன்றிய ஓர் அபிப்பிராயம். மாமன்மார் ‘இல்லை’ என்று எழுதுவதற்கு மூலகாரணமும் அந்த அபிப்பிராயந்தான். சரித்திரம் அதை ஆதரிக்கவில்லை. 1824-இலேயே லண்டனில் மருத்துவரும் பாதிரிமாரும் கூடித் தொடங்கிய கிளெரிகல் மெடிகல் என்ற சங்கம், பூரண ஆரோக்கியம் இல்லாதவரையும் தக்க பிரீமியத்தில் ஏற்றுக்கொள்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. 1919-இல் நியூயார்க் லைஃப் கம்பெனியைச் சேர்ந்த ஆர்தர் ஹண்டர், ஆஸ்கார் ரோஜர்ஸ் என்னும் இருவர், அக்கம்பெனியில் தாங்கள் கையாண்டுவந்த எண்முறையை விளக்கி வெளியிட்டனர். சராசரி மனிதனின் மரண அபாயத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, எடை, இரத்த அழுத்தம், குடும்ப வரலாறு, தொழில் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைக் கூட்டியும் கழித்தும் ஒருவனுடைய நிலையை நிர்ணயிக்கும் முறை அது. ஓர் உதாரணமாக, ஒரே வயதினர் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு நால்வர் இறப்பர் என்றும், குறிப்பிட்ட ஒரு நோயுள்ள ஆயிரம் பேரில் அறுவர் இறப்பர் என்றும் வைத்துக்கொண்டால், நோயுள்ளவரின் எண் நூற்றைம்பது ஆகிறது. அந்த இருவரின் வித்தியாசத்தை நோயுள்ள அந்த ஆயிரம் பேரும் பங்கிட்டுக்கொள்வதுதான் ‘எக்ஸ்ட்ரா பிரீமியம்’ எனப்படுவது. அது நோய்க்கு விதிக்கப்பட்ட அபராதம் என்று எண்ணுவது தவறு.

இந்தத் தராசு எக்காலத்திலும் நேர்மையாகவே நிறுத்தது என்றும் சொல்வதற்கில்லை. 1818-இல் கல்கத்தாவில் தோன்றிய ஓரியண்டல் முதலான ஆரம்பகாலக் கம்பெனிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே ஏற்பட்டவை. இந்தியர் உயிரை ஏற்றபோதும் அதைத் தரங்குறைந்த உயிராகக் கருதிக் கூடுதல் பிரீமியம் விதித்து வந்தனர். இந்தியனாய்ப் பிறந்ததே முன்னரே உள்ள ஒரு நோயாகக் கணக்கிடப்பட்ட காலம் அது. 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம் இந்தியரையும் சாதாரண விகிதத்திலேயே ஏற்றுக்கொண்டது. 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா பிறந்தது. 1956 செப்டம்பர் முதல் நாள், 245 நிறுவனங்களின் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் உருவாயிற்று. எந்த எண்ணையும் அதற்குரிய ஆதாரத்தைக் காட்டாமல் விதித்தால் அது தராசாகாது, துவேஷமே ஆகும் என்பது இவ்வரலாற்றின் படிப்பினை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், கணித ஆதாரம் இருந்தாலன்றி அந்நோயுள்ளவருக்கு இன்ஷூரன்ஸ் மறுக்கலாகாது என்று விதித்திருப்பது இப்படிப்பினையின் பயனே.

இனி நடைமுறைக்கு வருவோம். சர்க்கரை உண்டு என்று எழுதப்பட்ட பாரம் ஆபீசுக்குச் சென்றால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனை, சிறுநீர்ச் சோதனை, ஈ.சி.ஜி. ஆகியவற்றைக் கேட்பார்கள், கம்பெனியின் பட்டியலிலுள்ள டாக்டர் ஒருவர் பார்ப்பார். அதன்பின் சாதாரண விகிதத்திலேயே ஏற்கலாம், எக்ஸ்ட்ரா விதித்து ஏற்கலாம், சில மாதம் கழித்து வரச்சொல்லலாம், மறுக்கவும் மறுக்கலாம். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும், சிறுநீரகத்தைத் தொட்டுவிட்ட சர்க்கரையும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுள்ளவர்கள், வயதுவந்தோரில் 11.4 சதவிகிதம். இத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் நடத்துவது எவராலும் இயலாத காரியம். ஒரு கம்பெனி மறுத்தால் மற்றொன்று ஏற்பதும் உண்டு. தராசுக் கற்கள் எங்கும் ஒன்றேயல்ல.

நியாயஸ்தலங்கள் சொன்னவை

மறைத்தவர் கதி யாது என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகள் சாட்சி. 1962-இல் முடிவான மிட்டூலால் நாயக் வழக்கில், 25,000 ரூபாய்க்கு 1945-இல் பாலிசி பெற்று மறு ஆண்டே இறந்த ஒருவர், விண்ணப்பித்ததற்குச் சில மாதங்கள் முன்னர்தான் கடுமையான இரத்தசோகை முதலியவற்றுக்கு ஒரு வைத்தியரிடம் சிகிச்சை பெற்றதை மறைத்திருந்தார். நீதிமன்றம் மூன்று அம்சங்களை வகுத்தது: சொன்னது முக்கியமான விஷயமாயிருக்க வேண்டும், மறைத்தது மோசக் கருத்தோடு நிகழ்ந்திருக்க வேண்டும், சொன்னபோதே அது பொய்யென்று அவர் அறிந்திருக்க வேண்டும். மூன்றும் மெய்ப்பிக்கப்பட்டதால் பணம் கிடைக்கவில்லை. 2007-இல் பி.சி. சாக்கோ வழக்கில், கழுத்துக் கழலைக்குச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சையை மறைத்துப் பாலிசி எடுத்துச் சில மாதங்களில் இறந்தவரின் வாரிசுகளும் வெறுங்கையோடே திரும்பினர்.

மறுபக்கமும் உண்டு. மறைத்தார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு இன்ஷூரன்ஸ்காரரையே சார்ந்தது என்று சன்னபசம்மா வழக்கில் அதே நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2015-இல், இடுப்புப் பகுதி முதுகெலும்பு நோயைச் சொல்லாமல் விட்டவர் மாரடைப்பால் இறந்தபோது, மறைத்த நோய்க்கும் மாண்ட காரணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று குடும்பத்துக்குப் பணம் வழங்கச் சொல்லிற்று. 2020-இல் வந்த ஒரு வழக்கு இன்னும் சிந்திக்கத்தக்கது. ஈரல் நோயை மறைத்துப் பாலிசி எடுத்த மகன் சுமார் ஒரு மாதத்திலேயே இறந்துபோனான். மறைத்தது முக்கிய விஷயமே, கம்பெனி மறுத்தது சரியே என்று சட்டத்தை நிலைநாட்டிய நீதிபதிகள், வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் கம்பெனி கொடுத்துவிட்டிருந்த தொகையை, அவனையே நம்பியிருந்த எழுபது வயதுத் தாயிடமிருந்து திரும்ப வாங்கலாகாது என்று தமது விசேஷ அதிகாரத்தால் விதித்தனர். தர்மம் அங்கே கருணையாக வந்தது. ஆனால் கருணையை நம்பிக் குடும்பத்தை விட்டுச் செல்வது விவேகமாகாது.

நாற்பத்தைந்தாம் பிரிவு

மான்ஸ்ஃபீல்டின் பிற்பாதி நம் நாட்டில் பூரணமாகச் சட்டவடிவம் பெற்றது 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவிலே, குறிப்பாக 2015-இல் அது திருத்தப்பட்ட பிறகு. முன்பு இரண்டாண்டுக்குப் பின்னும் மோசடியைக் காரணம் காட்டி மறுக்க இடமிருந்தது. இப்போதோ, பாலிசி தொடங்கி மூன்றாண்டு கழிந்துவிட்டால் எக்காரணத்தைக் கொண்டும் அதன்மீது ஆட்சேபணை எழுப்ப இயலாது. மூன்றாண்டுக்குள் மறுப்பதானாலும், காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். மோசடி இல்லாத தவறான தகவல் என்றால், கட்டிய பிரீமியத்தைத் தொண்ணூறு நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். அந்த உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

இவற்றினும் ஆழமான இரண்டு விதிகள் அப்பிரிவின் உள்ளே அடங்கியிருக்கின்றன. மறைக்கப்பட்டதாகச் சொல்லும் விஷயம் இன்ஷூரன்ஸ்காரருக்குத் தெரிந்தே இருந்தது என்று காட்டிவிட்டால் மோசடி என்ற குற்றச்சாட்டு நிற்காது என்பது ஒன்று. ஒப்பந்தம் உருவாகும் கட்டத்தில், பாலிசிக்காகப் பேசி முடித்தவரைக் கம்பெனியின் பிரதிநிதியாகவே கொள்ளவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தளவானூர்த் திண்ணையிலே மாமன் காதில் விழுந்த சர்க்கரை, கம்பெனியின் காதிலும் விழுந்ததே என்று வாதிக்க வழி பிறக்கிறது. சுமத்ராக் கோட்டையின் நியாயம் இருநூற்றைம்பது ஆண்டு பயணம் செய்து நம் திண்ணைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் வாதம் வேறு, நிரூபணம் வேறு. மாமன் அன்று கேட்டார் என்பதற்குச் சாட்சி யார்? கேட்ட மாமனும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால், கணவனை இழந்த அந்த மனைவி எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்?

மூன்றாண்டு என்ற கணக்கிலும் கிராமத்தாருக்கு ஒரு குழி உண்டு. மழை பொய்த்த ஆண்டில் தவணை தவறிப் பாலிசி லேப்ஸாகி, அடுத்த ஆண்டு அதைப் புதுப்பித்தால், அந்தப் புதுப்பிப்பு நாளிலிருந்து மூன்றாண்டு மறுபடி தொடங்குகிறது. புதுப்பிக்கும்போது தேகசௌக்கியம் பற்றி மீண்டும் ஒரு பிரமாணமும் கேட்கப்படலாம். பத்தாண்டுக்கு முன் மெய்யாகவே ‘இல்லை’ என்று எழுதியவர், இடையில் வந்த சர்க்கரையை நினையாமல் அதே ‘இல்லை’யை மறுபடி எழுதிவிட்டால், பத்தாண்டு நேர்மையும் ஒரே கையெழுத்தில் சந்தேகத்துக்குள்ளாகிறது.

மாடத்து டப்பாவின் சாட்சியம்

முன் தலைமுறையில் கிராமத்து நோய்க்குப் பெரும்பாலும் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. இன்று அந்நிலை மாறிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வரும்போதெல்லாம் பதிவும் ஆகின்றன. ஏழை உயிரை நீட்டிக்கின்ற இந்நற்செயலே, பாலிசி எடுத்துச் சீக்கிரத்தில் ஒருவர் இறந்துபோனால் ஊருக்கு விசாரிக்க வருபவருக்கு நோய் இருந்ததன் ஆதாரமாகவும் ஆகிவிடக்கூடும். மாத்திரை உண்பதைப் பாரத்திலும் சொன்னவருக்கு அதே பதிவு வேறு விதமாகப் பேசும்: நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர், சொன்னது மெய் என்று. டப்பா ஒன்றுதான், அது எந்தப் பக்கம் சாட்சி சொல்லும் என்பதைப் பாரத்தில் எழுதும் ஒற்றைச் சொல் தீர்மானிக்கிறது.

தனிப் பாலிசி கிடைக்காதவருக்கும் ஒரு சிறு நிழல் உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில், 18 முதல் 50 வயதுக்குள் பாங்கிக் கணக்கு வைத்திருப்போர், ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டி, மருத்துவச் சோதனை எதுவுமின்றி 2 லட்சத்துக்குச் சேரலாம். முதல் முப்பது நாளில் விபத்தல்லாத மரணத்துக்கு மட்டும் பணம் இல்லை. திரளாகச் சேர்க்கும்போது நோயுள்ளவர் சுமையை நோயற்றவர் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதே இதன் சூட்சுமம். ஐம்பத்தைந்து வயதில், நோய் முற்றத் தொடங்கும் பருவத்தில், அந்நிழல் விலகிவிடுவது அதன் குறை. இங்கே ஒன்றையும் கவனிக்க வேண்டும்: முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று பலர் சொல்வது ஆஸ்பத்திரிச் செலவுக்குரிய மருத்துவ இன்ஷூரன்ஸைச் சேர்ந்தது, 2024 முதல் அங்கே அதன் உச்ச வரம்பு மூன்றாண்டு. ஆயுள் பாலிசியின் மூன்றாண்டு வேறு, அந்த மூன்றாண்டு வேறு.

மறுக்கப்பட்டவர், கம்பெனியின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள், 50 லட்சம் வரையுள்ள விவகாரத்தைச் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். இருந்தாலும், விவகாரத்தின் வாசலுக்குப் போகாமலிருக்கும் உபாயம் அதைவிடச் சுலபமானது. பாலிசிப் பத்திரத்தோடு, கையெழுத்திட்ட ப்ரபோசல் பாரத்தின் நகலும் வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலோர் அந்த உறையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பின்னாலோ, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலோ வைத்துவிடுகிறார்கள். அதைப் பெற்ற முப்பது நாளுக்குள் பாலிசி வேண்டாமென்று திருப்பிவிடவும் உரிமை உண்டு. இருப்பதைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதவும் வழி உண்டு.

ஆகவே, நாம் கற்பித்துக்கொண்ட அந்தத் தளவானூர்க் குடும்பத்தில், உறை வந்த அன்று மாலை, பள்ளியிலிருந்து திரும்பிய மகளை அருகில் அமர்த்தி, அந்த நகலை வரி வரியாகப் படிக்கச் சொல்லட்டும். சர்க்கரை, பிரஷர் என்ற கேள்விகளுக்கு நேரே எழுதியிருப்பதை அவள் படித்ததும், தகப்பனார் மாடத்திலிருந்து டப்பாவை எடுத்து வந்து, மாத்திரை அட்டையின் பெயரைப் பார்த்துத் திருத்தக் கடிதம் எழுதச் செய்யட்டும். ஏஜெண்ட் மாமன் அதனால் கோபித்துக்கொண்டால், அடுத்த பொங்கலுக்குள் கோபம் ஆறிவிடும். எக்ஸ்ட்ரா பிரீமியம் வந்தால், அது எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்க்கலாம். பதிவுத் தபாலில் அனுப்பிய அக்கடிதத்தின் நகலையும், தபால் ஆபீஸ் ரசீதையும் பத்திரத்தோடு சேர்த்து அதே உறையில் வைத்துவிட்டால், கேட்டவர் யார், சொன்னவர் யார் என்ற கேள்விக்குக் காட்ட ஒரு காகிதம் அந்த வீட்டில் இருக்கும்.